பன்னிரண்டு கட்டமும் சுத்தம்

பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி முதலில் பெண்ணின் பித்தநாளத்தைப் பார்த்தார்கள்.

கூடத்துச் சுவர் முழுக்க அது விரிந்து கிடந்தது. ஈரலுக்குள் கிளை கிளையாகப் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே குழாயாகிக் கீழே இறங்கிச் சிறுகுடலில் முடிகிற பச்சைப் பாதை. கூரையில் பதித்திருந்த ஊடுநோக்கி, அடுத்த அறையில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த இளவெயினியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்து, பித்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக்கூட நேரலையில் காட்டியது. சமையல் எந்திரம் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தது. பஜ்ஜியைக் கடித்தபடி எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். செவ்வாய்க் கிரகத்தில் அதுதான் மரியாதை. சுவரைப் பார்க்காமல் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனால்தான் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

"நாளம் லட்சணமா இருக்கு" என்றாள் பையனின் அம்மா செண்பகவல்லி. "வளைவு நெளிவு ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தாங்க" என்றாள் பெண்ணின் அம்மா வடிவு, தானே உட்கார்ந்து வளைத்து நிமிர்த்தியது போன்ற பெருமையுடன்.

பெண்ணின் தகப்பனார் உலகநாதன் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. அவர் காற்றடைத்த குமிழுக்குள் இருந்த மேல்குமிழ் நகரத்தின் நோய்ப்பரவல் துறைத் தலைவர். வாழ்நாளெல்லாம் பித்தநாளங்களோடு மாரடித்தவருக்குச் சொந்த மகளின் பித்தநாளத்தைப் பஜ்ஜியோடு சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. இந்த வழக்கம் செவ்வாயில் வேர்விட்டதற்கு அவர்தான் காரணம்.

"கட்டத்தப் போட்டுரலாமா?" என்று கேட்டது சுபமணி.

சுபமணி ஒரு தரகு எந்திரம். வெற்றிலை போடாத தரகரை நம்ப மாட்டோம் என்று முதல் குடியேறிகள் அடம்பிடித்ததால், அதன் வாயைச் சுற்றித் தொழிற்சாலையிலேயே காவிச் சாயம் பூசி அனுப்பியிருந்தார்கள். அக்குளில் ஒரு குடையும் உண்டு. செவ்வாயில் மழை பெய்ததே இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

சுவரில் பித்தநாளம் மறைந்து ஒரு சதுரம் வந்தது. ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டங்கள், நடுவில் இளவெயினியின் பெயர். இதற்கு இடர்க்கட்டம் என்று பெயர். பித்தநாளப் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். முதலாவது ஈரல் புழுவுக்கு. நாளத்துக்குள் கல், பிறவியிலேயே நாளம் பை போல வீங்கியிருப்பது, நாளச் சுவர் தழும்பேறிச் சுருங்குவது, இரண்டு வகை ஈரல் அழற்சிக் கிருமிகள், சர்க்கரை, குடி, புகை, தொந்தி என்று மற்றவை போகும். எது இருக்கிறதோ அந்தக் கட்டம் சிவக்கும்.

இளவெயினியின் சதுரத்தில் பன்னிரண்டும் வெள்ளையாக இருந்தன.

செண்பகவல்லி பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"சின்ன வயசுல ஒரு தடவ காமாலை வந்துச்சுங்க" என்றாள் வடிவு அவசரமாக. "நல்லாவே வந்துச்சு. கண்ணெல்லாம் மஞ்சள். அத இவங்க கணக்குல எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

"அது தண்ணியில வர்ற காமாலை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றார் உலகநாதன். வடிவு முறைத்த முறைப்பில் கேசரியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பக்கத்தில் பையன் நீலமேகத்தின் சதுரம் வந்தது. முதல் கட்டம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் செண்பகவல்லியின் கண் கலங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா எம் பையனுக்கு ஒண்ணாம் கட்டத்துல புழு பலமா உக்காந்திருக்கு. எதிர்ல இருக்கறவளுக்கும் புழு இருந்தா ஒண்ண ஒண்ணு கழிச்சிரும். இப்படித் துடைச்சு விட்ட மாதிரி இருக்கற பொண்ணக் கட்டி வெச்சா, அவனோட இடர் மொத்தமும் இந்தப் புள்ள மேலதான போய் இறங்கும்? வந்த மருமகளத் தூக்கிக் குடுத்துட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லண்ணே."

உலகநாதனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டம். அவள் வம்புக்காரியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கலாம். அவளோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் உயிருக்காக உண்மையாகவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

நீலமேகம் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் நகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். செவ்வாயின் பாறைக்குள் ஒன்றரை ஆள் உயரத் துளைப்பான்களை இறக்குகிற பொறியாளன் அவன். மேல்குமிழுக்கும் அவன் ஊரான ஏரிக்குமிழுக்கும் நடுவே சுரங்கம் போட்டபோது, அதற்குக் காற்றழுத்தக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் இளவெயினி. சுரங்கம் முடிந்த நாளில் இருவரும் முடிவுசெய்துவிட்டார்கள். அம்மாவிடம் பேசுவது ஒன்றுதான் பாக்கி என்று அவன் சொன்னான். அது ஆயிற்று நாலு வருஷம்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஏரி. ஏரிக்குமிழின் அடியில் உருகிய பனிநீரைத் தேக்கி, பூமியிலிருந்து கொண்டுவந்த கெண்டை மீன்களை விட்டார்கள். மீனுக்கு நீர்ச்செடி வந்தது. செடியின் இலைக்கு அடியில் நத்தை வந்தது. நத்தைக்குள் ஒரு தட்டைப் புழு வந்தது. அது நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் ஏறுகிற ஜாதி. அந்த நாளில் மின்சாரத்தை மூச்சுக்காற்று தயாரிக்கவே பொத்திப் பொத்திச் செலவழித்தார்கள். அடுப்புக்குக் கிடையாது. அதனால் கெண்டையைப் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து தின்றார்கள். அதற்கு நறுக்கல் என்று பெயர் வைத்தார்கள். எலுமிச்சை மீனை வேகவைத்துவிடும், மிளகாய் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்பினார்கள். புழுவுக்கு இரண்டாலும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு அணு உலை வந்து மின்சாரம் கொட்டியது. அடுப்பும் வந்தது. நறுக்கல் மட்டும் போகவில்லை. நறுக்கல் இல்லாத பந்தியை ஏரிக்குமிழில் பந்தியாகவே யாரும் மதிப்பதில்லை.

புழு பித்தநாளத்துக்குள் ஏறினால் இருபது வருஷம்கூடக் குடியிருக்கும். சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அந்தப் புண் ஆறி, மறுபடி புண்ணாகி, மறுபடி ஆறி, சிலருக்கு மட்டும் ஒருநாள் புற்றாக மாறும். இருபத்தைந்தில் தின்றதற்கு ஐம்பதில் பதில் வரும். அதற்குள் எதைத் தின்றோம் என்பதே மறந்துபோகும். உலகநாதனின் தம்பி தாமோதரன் அப்படித்தான் போனான். உடம்பெல்லாம் மஞ்சளாகி, அரிப்புத் தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "நான் எலுமிச்சம்பழம் நெறையப் பிழிவேனே அண்ணா" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்வியை உலகநாதனால் இன்றுவரை தாங்க முடிவதில்லை.

தம்பி போன பிறகு அவர் ஊர் ஊராக எச்சரித்தார். வரைபடம் போட்டார். யாரும் பார்க்கவில்லை. சதவீதம் சொன்னார். கொட்டாவி விட்டார்கள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. நம் ஆட்கள் எந்த வடிவத்தில் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிப்பார்கள்? பன்னிரண்டு கட்டம் போட்டு நடுவில் பெயரை எழுதினால் படிப்பார்கள். காரணங்கள் ஒன்பதுதான் இருந்தன. இழுத்துப் பிடித்துப் பன்னிரண்டாக்கினார்.

படித்தார்கள். மனப்பாடமாகப் படித்தார்கள். மஞ்சள் குங்குமம் தடவிப் பூஜையறையில் வைத்தார்கள். பூமியிலிருந்து வந்த பழைய ஜாதகக் கணக்கெல்லாம் செவ்வாயில் பிறந்த பிள்ளைகளுக்குச் செல்லாது என்று ஜோசியர்கள் கைவிரித்திருந்த சமயம் அது. வந்த சம்பந்தம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிற குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. காலியாக இருந்த அந்த இடத்தில் அரசாங்க முத்திரையோடு இடர்க்கட்டம் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க" என்று உலகநாதன் இப்போது செண்பகவல்லியிடம் ஆரம்பித்தார். "இடர்ங்கறது தொத்திக்கற வியாதி இல்ல. ஒருத்தர் கிட்டேருந்து இன்னொருத்தர் மேல இறங்காது. புழுவே அப்படி இறங்காது. பச்சை மீன் தின்னாத்தான் வரும். அதுவும் இந்தக் கட்டம் ஒரு கூட்டத்துக்குச் சொல்றது. புழு இருக்கற பத்தாயிரம் பேரையும் புழு இல்லாத பத்தாயிரம் பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, முதல் கூட்டத்துல புற்று வர்றவங்க ரொம்ப அதிகம். ஆனா அந்தக் கூட்டத்துலயும் முக்கால்வாசிக்கு மேல கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருப்பாங்க. தனியா ஒரு ஆளக் காட்டி இவருக்கு வரும், இவருக்கு வராதுன்னு சொல்ல முடியாது."

செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள். "ஒரு கட்டமும் சிவக்காதவங்களுக்கு வருமா அண்ணே?"

"சில பேருக்கு வரும். காரணமே தெரியாம வர்றதும் உண்டு."

"பாத்தீங்களா" என்றாள் அவள். "அந்தச் சில பேர்ல என் மருமக ஒருத்தியா இருந்துட்டா?"

நாற்பது வருஷம் நோய்ப்பரவலியல் படித்தவர் கேசரித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். வேறு வழியாக வந்தார்.

"சரி, விடுங்க. தம்பிக்கு ஒரு மாத்திரை தர்றேன். ஒரே நாள். புழு செத்துப் போகும். அப்புறம் பச்சை மீனத் தொடாம இருந்தாப் போதும். அவர் கட்டமும் வெள்ளையாயிடும். ரெண்டும் பொருந்திடும்."

செண்பகவல்லி பதறிப்போய் மகனின் வயிற்றைத் தன் முந்தானையால் மறைத்தாள்.

"இருக்கறதக் கலைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு ஏதோ ஒரு காரணத்தால இந்தச் சம்பந்தம் தட்டிப் போச்சுன்னு வைங்க. ஏரிக்குமிழ்ல ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாப் பொண்ணுக்கும் புழு இருக்கு. புழு இல்லாத பையனுக்கு எங்க ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான்? எங்க ஊர்ல மாத்திரையெல்லாம் கல்யாணம் ஆனவங்கதான் போடுவாங்க. அவங்களும் புள்ளைங்க கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போடறாங்க."

உலகநாதனுக்கு இப்போதுதான் புரிந்தது. ஏரிக்குமிழில் இலவச மாத்திரை ஏன் விலைபோகவில்லை என்று மூன்று ஆய்வுகள் நடத்தியிருந்தார். ருசி கசப்பாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, போன வருஷம்தான் ஆரஞ்சு வாசனை சேர்த்திருந்தார்.

அவர்கள் வண்டியேறிப் போன பிறகு இளவெயினி கூடத்துக்கு வந்தாள். அழவில்லை. மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றாள்.

சுபமணி போகவில்லை. முடியாத சம்பந்தத்தை விட்டுவிட்டு நகர்வது அதன் நிரலிலேயே கிடையாது. "ஒரே ஒரு கட்டம் சிவந்தாப் போதும்மா" என்றது. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல. சமன் ஆயிடும்."

"என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள் வடிவு, ஜவுளிக் கடையில் கேட்பதுபோல.

"வடிவு" என்றார் உலகநாதன்.

"நீங்க சும்மா இருங்க. அவளுக்கு முப்பத்தொண்ணு ஆகுது. புகை?"

"பையன் வீட்ல புகை பிடிக்கற பொண்ணு ஆகாது" என்றது சுபமணி.

"குடி?"

"அது அதவிட ஆகாது."

"சர்க்கரை?"

"அதுக்கு நாளாகும்மா. தை மாசத்துக்குள்ள வராது. தொந்தியும் அப்படித்தான். கல்லு வர்றது நம்ம கையில இல்ல. கிருமி ரெண்டும் ஊசி போட்ட உடம்புல ஏறாது. எப்படிச் சுத்திப் பாத்தாலும் புழுதான் தோது. நாலு பந்தி நறுக்கல் சாப்பிட்டாப் போதும். ருசியாவும் இருக்கும்."

உலகநாதன் எழுந்துவிட்டார். "என் வீட்டுல இந்தப் பேச்சு வேணாம். தாமு எப்படிப் போனான்னு நீயும் பாத்தவதான வடிவு?"

தாமுவுக்குக் கடைசியில் கஞ்சி புகட்டியவள் வடிவுதான். எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கே எந்திரம் கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்பா" என்றாள் இளவெயினி. "கட்டத்தப் போடறது உங்க துறைதான? என் பேருக்கு நேரா ஒண்ணாம் கட்டத்துல ஒரு புள்ளி வெச்சிருங்க. ஒரே ஒரு புழு. நெஜப் புழு வேணாம். கணக்குல மட்டும்."

"பொய்ப் புள்ளியா?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒரு பொய் உள்ள போனா கணக்கு மொத்தமும் செத்துப்போச்சும்மா. அப்புறம் எந்த ஊர்ல நோய் கூடுது, எந்த ஊர்ல குறையுது, எவன் கண்டான்? ஒண்ணரை லட்சம் பேர் கணக்கு. இதுவரைக்கும் ஒரு எண்ணக்கூட நான் தள்ளிப் போட்டதில்ல. உனக்குன்னாலும் போட மாட்டேன்."

"சரிப்பா." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நெஜமாவே தின்னுர்றேன். அவங்கம்மா சம்மதிக்காம அவர் வர மாட்டார். அவர் இல்லாம நான் இருக்க மாட்டேன். ஒண்ணு உங்க கணக்குல புழு, இல்ல என் ஈரல்ல புழு. பொங்கலுக்கு ஏரிக்குமிழ்ல பந்தி இருக்கு. அதுக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது உலகநாதனுக்குத் தெரியும். சின்ன வயதில், காற்றுக்கவசம் வாங்கித் தராவிட்டால் மூச்சை அடக்கிக்கொள்வேன் என்று சொல்லி, அடக்கிக்கொண்டு மயங்கியும் விழுந்தவள். அவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் தாமோதரனின் மஞ்சள் முகத்தில் மகளின் மூக்கு இருந்தது.

பொய்ப் புள்ளி வைக்க அவரால் முடியாது. மகளைத் தின்னவிடவும் முடியாது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. கட்டத்தையே எடுத்துவிடுவது. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தைத் தானே போய்க் கலைப்பது.

குமிழ்ப் பேரவையில் அவர் விண்ணப்பத்தைக் கேட்டுத் திகைத்தார்கள்.

"மனுஷ வரலாற்றுல ஒரு அரசாங்கக் காகிதத்த ஜனங்க இவ்வளவு ஆசையாப் படிச்சதே இல்லையே சார்" என்றார் பேரவைத் தலைவர். "வரி நோட்டீஸக்கூடக் கட்டம் போட்டுத் தரலாமான்னு யோசிச்சிட்டிருக்கோம்."

"படிக்கறாங்க. ஆனா நான் எழுதினதப் படிக்கல" என்றார் உலகநாதன். "புழு வராமப் பாத்துக்கங்கன்னு சொன்னேன். புழுவக் கல்யாணம் வரைக்கும் காப்பாத்தி வெக்கறாங்க. ஏரிக்குமிழ்ல இருபத்தஞ்சு வயசுக்காரங்க எல்லாரும் சுமந்துட்டிருக்காங்க. இன்னும் முப்பது வருஷத்துல அங்க வீட்டுக்கு ஒரு தாமோதரன் இருப்பான். அதுக்குக் காரணம் மீன் இல்ல. நான் போட்ட கட்டம்."

பேரவைத் தலைவருக்கும் ஏரிக்குமிழில் கல்யாண வயதில் ஒரு பையன் இருந்தான். அதனால் அவர் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. சதுரங்கள் எல்லாச் சுவர்களிலிருந்தும் அழிக்கப்பட்டன. இனி ஒருவரின் இடர் அவருக்கும் அவர் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும், வேறு யார் கேட்டாலும் காட்டுவது குற்றம் என்று சட்டம் வந்தது.

அடுத்த மாதமே நடந்ததை உலகநாதன் நம்பவில்லை. ஏரிக்குமிழில் ஆரஞ்சு வாசனை மாத்திரை தீர்ந்துபோனது. இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று கேட்டார்கள். காட்ட முடியாத புழுவைச் சுமந்து என்ன பிரயோஜனம் என்று ஜனங்களுக்கு ஒரே நாளில் பட்டுவிட்டது. நறுக்கல் கடைகள் வறுவல் கடைகளாயின. நீலமேகம் மாத்திரை போட்டுக்கொண்டான். அம்மாவே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம். அவன் மருத்துவர் மறுசோதனையில் ஒரு புழு முட்டைகூட இல்லை என்றதை இளவெயினி ஓடிவந்து சொன்னாள். முப்பத்தொரு வயதுப் பெண் கூடத்தில் தட்டாமாலை சுற்றினாள். உலகநாதன் தனியாகப் போய்த் தம்பியின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நன்றாக அழுதார். சந்தோஷமாக இருந்தது.

நல்ல நாள் பார்த்துச் செண்பகவல்லி மறுபடி வந்தாள். இந்தத் தடவை தாம்பாளம் நிறையப் பூவும் பழமும் இருந்தன. நீலமேகம் புதுச் சட்டை போட்டிருந்தான். சுபமணியும் குடையோடு வந்திருந்தது. சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். உலகநாதன் முதல்முறையாகத் தன் வீட்டுப் பஜ்ஜியை நிம்மதியாகக் கடித்தார்.

"நல்ல காரியம் பண்ணினீங்க அண்ணே" என்றாள் செண்பகவல்லி. "அந்தக் கட்டம் வந்ததுலேருந்து எல்லாருக்கும் பயம்தான். இப்பத்தான் மனசு லேசாச்சு. எல்லாரும் நம்ம பழைய முறைக்கே திரும்பிட்டோம்."

"பழைய முறைன்னா?"

"ஜாதகந்தாண்ணே. சுபமணி கணிச்சுக் குடுத்துச்சு."

"செவ்வாயில ஜாதகம் செல்லாதுன்னு சொன்னாங்களே."

சுபமணி முன்னால் வந்தது. "அது அந்தக் காலத்து ஜோசியர்களுக்குக் கணக்கு வராததால சொன்னது சார். நாம நிக்கற கிரகத்த எந்த வீட்ல போடறதுன்னு குழம்பிட்டாங்க. எனக்கு இப்ப வேலை இல்ல பாருங்க, உக்காந்து போட்டுப் பாத்தேன். நாம நிக்கறத எடுத்துட்டு, அந்த இடத்துல பூமியப் போட்டா எல்லாம் கச்சிதமா வந்துருது. கட்டம் உங்க கட்டந்தான். ஜனங்களுக்குப் பழகிப்போச்சு."

செண்பகவல்லி தொண்டையைச் செருமினாள். அவள் கண் மறுபடி கலங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. பொண்ணுக்கு ஏழாம் வீட்ல பூமி உக்காந்திருக்கு."

உலகநாதன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"பூமி தோஷம்" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "அந்தக் காலத்துல பூமியில இருந்தவங்க நம்ம செவ்வாயப் பாத்துப் பயந்தாங்களாம். அது சுத்த மூடநம்பிக்கை. வெறும் மண்ணும் தூசும் கெடக்கற இடம், யார என்ன பண்ணும்? ஆனா பூமி அப்படி இல்லண்ணே. புயல், வெள்ளம், சண்டை, எல்லாம் அங்கேருந்துதான். கூடவே சந்திரன் வேற ஒட்டிக்கிட்டுச் சுத்துது. எம் பையனுக்கு அந்தத் தோஷம் இல்ல. சேத்து வெச்சா அவன் தாங்க மாட்டான்."

நீலமேகம் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். உள்ளே நின்றிருந்த இளவெயினி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பட வேணாம். பரிகாரம் இருக்கு" என்றது சுபமணி, தகப்பனாரின் நாடித்துடிப்பு எகிறுவதைக் கவனித்து. "எளிமையான பரிகாரம். பூமியிலிருந்து வந்த ஒரு உயிரப் பொண்ணும் பையனும் சேர்ந்து ஒரு மண்டலம் உட்கொள்ளணும். நம்மகிட்ட இருக்கறது கெண்டை ஒண்ணுதான். நெருப்பு மட்டும் காட்டக் கூடாது. காட்டினா பூமியோட அம்சம் போயிடும். எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம்."

"ஏரிக்குமிழ்ல எல்லாரும் ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் செண்பகவல்லி. "தோஷம் இல்லாதவங்களும் எதுக்கும் இருக்கட்டும்னு சாப்பிடறாங்க."

வடிவு கணவரைப் பார்த்தாள். இளவெயினியும் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. அவள் மண்டலத்தை இன்றே தொடங்கிவிடுவாள்.

உலகநாதன் இடரைப் பற்றிப் பேசவில்லை. பத்தாயிரம் பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவில்லை. கிரகங்கள் யார் வீட்டிலும் உட்காருவதில்லை என்றும் சொல்லவில்லை. சுபமணியின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார்.

"அவ பொறந்த நேரத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டா பூமி எங்க போகும்?"

"எவ்வளவு சார்?"

"ஒரு பத்து நிமிஷம்."

"பத்து போதாது. அரை மணி தள்ளினா ஆறாம் வீட்டுக்குப் போயிடும். அங்க தோஷம் இல்ல."

உலகநாதன் ஒருமுறை திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அப்ப அரை மணியே போட்டுரு."

"போட்டாச்சு சார்" என்றது சுபமணி. "இப்படி ஒண்ண நீங்க போன தடவையே கேட்பீங்கன்னு எதிர்பாத்தேன். மத்தவங்க எல்லாம் வாசல்லயே கேட்டுருவாங்க."